திப்பு தந்த பயிற்சி நூல்

மைசூரில் பயிலும் நமக்குச் சீரங்கப்பட்டணம் அண்டை ஊர். அங்கு அரசோச்சிய திப்பு சுல்தானின் வாளைப் பலரும் புகழ்வர். நானோ அவன் தந்த நூலைப் பற்றிக் கூற விழைகிறேன்.

தேவனஹள்ளியில் பிறந்த திப்பு, இளமையிலேயே தந்தை ஐதர் அலியுடன் போர்க்களம் கண்டான். 1780இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை மைசூர்ப் படை முறியடித்தது. அன்று ராக்கெட்டுகளும் சீறிப் பாய்ந்தன.

1782இல் அரசுரிமை பெற்ற திப்பு, ‘பத்ஹுல் முஜாகிதீன்’ என்னும் படைப்பயிற்சி நூலை எழுதச் செய்தான். ராக்கெட் வீரனின் வேலை எளிதன்று. இரும்புக் குழலின் விட்டத்தையும் இலக்கின் தொலைவையும் கணித்து, சாய்கோணம் வகுத்து, பிறகே திரியைக் கொளுத்த வேண்டும். ஒரு படி தவறினால் உயிருக்கே கேடு!

மனம் ஒரே வேளையில் சிலவற்றையே தாங்கும் என்கிறது இன்றைய உளவியல். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒரே வரிசையில் பன்முறை பழகினால், கை தானே இயங்கும். மனம் இலக்கை நோக்கும். அச்சம் சூழ்ந்த வேளையிலும் வரிசை மறவாது. இவ்வுண்மையை அக்காலப் படைவீடுகள் பட்டறிவால் கண்டிருந்தன.

1799 மே 4இல் கோட்டை வீழ்ந்தது. திப்புவும் போரிட்டு மடிந்தான். பயிற்சி மட்டுமே அரசைக் காத்துவிடாது. ஆயினும் ஒருவன் கையோடு மறையும் திறனை, நூலாக்கினால் ஆயிரவர்க்குக் கற்பிக்கலாம். நம் ஆய்வுக்கூடங்களுக்கும் அதுவே பாடம்!