பண்ணையிலிருந்து பந்தயத் தடத்திற்கு

கார் பந்தயம் என்றதும், மரினா பேயில் இரவு விளக்கொளியில் சீறிப் பாயும் ஃபார்முலா ஒன் கார்களே உங்களில் பலருக்கு நினைவுக்கு வரும். அவை ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையில்லாத, தரையோடு தரையாக ஓடும் கார்கள். ஆனால், சாலையில் நாம் அன்றாடம் காணும் கார்களையே பந்தயத்திற்கு ஏற்ப மாற்றியமைத்து ஓட்டும் போட்டிகளும் உண்டு. அவற்றை டூரிங் கார் பந்தயம் என்பர். பிரிட்டனில் முற்காலத்தில் சலூன் கார் பந்தயம் என்று அழைத்தனர். இந்த இருவகைப் பந்தயங்களிலும் வெற்றியாளர் பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்து நாட்டு ஆட்டுப் பண்ணையில் வளர்ந்த ஜிம் கிளார்க்.

ஜிம் கிளார்க் 1936ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் வட்டாரத்தில் உள்ள கில்மெனி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு நான்கு அக்காமார். வீட்டில் அவர் ஒருவரே ஆண் பிள்ளை. அவருக்கு ஆறு வயதானபோது, குடும்பம் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெர்விக்‌ஷயர் வட்டாரத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆடுகளும் பயிரும் நிறைந்த பெரிய பண்ணை ஒன்றை அவருடைய தந்தையார் நடத்தினார். கிளார்க் பதினாறு வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுப் பண்ணை வேலையில் இறங்கினார். ஒரே மகன் பண்ணையைப் பொறுப்பேற்று நடத்துவான் என்பது பெற்றோரின் எதிர்பார்ப்பு. ஆபத்து மிகுந்த கார் பந்தயம் அவர்களுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

கிளார்க் தம் சொந்தக் காரில் உள்ளூர்ப் போட்டிகளில் கலந்துகொள்ளத் தொடங்கினார். 1956ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கைவிடப்பட்ட விமானத் தளம் ஒன்றில் நடந்த பந்தயத்தில் முதன்முறையாக ஓடினார். ஓட்டிய கார் அவருடையதன்று. அவருடைய நண்பர் இயன் ஸ்காட் வாட்சனுக்குச் சொந்தமான டிகேடபிள்யூ என்னும் சிறிய சலூன் கார் அது. காரின் சொந்தக்காரரைவிடக் கிளார்க்கே அதை விரைவாக ஓட்டினார்! அந்த நண்பர் சற்றும் பொறாமைப்படவில்லை. கிளார்க்குக்கு நல்ல கார்கள் கிடைக்கவும் போட்டிகளில் இடம் கிடைக்கவும் அவரே முன்னின்று உழைத்தார். பெரும் வீரர்களின் வரலாற்றில் இத்தகைய நண்பர்களைப் பற்றி ஓரிரு வரிகளே எழுதப்படுகின்றன. அவர் இல்லையேல் கிளார்க்கைப் பண்ணைக்கு வெளியே எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

1958ஆம் ஆண்டு பார்டர் ரீவர்ஸ் என்னும் உள்ளூர்க் குழுவுக்காக ஓட்டிய கிளார்க் 18 பந்தயங்களில் வென்றார். அவ்வாண்டு டிசம்பரில் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் நடந்த போட்டியில் அவர் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன். தம்மை விடாமல் துரத்திய அந்த இளைஞரைச் சாப்மன் மறக்கவில்லை. 1960ஆம் ஆண்டு லோட்டஸ் குழுவின் ஃபார்முலா ஒன் காரில் கிளார்க் அமர்ந்தார். இறுதிவரை வேறெந்தக் குழுவின் ஃபார்முலா ஒன் காரையும் அவர் ஓட்டியதில்லை.

காரின் எடையைக் குறைத்தால் வேகம் தானாகக் கூடும் என்பது சாப்மனின் கொள்கை. அதனால் லோட்டஸ் கார்கள் மிக விரைவாக ஓடின. அடிக்கடி உடையவும் செய்தன. அக்காலப் பந்தயத் தடங்களோ இன்றுள்ளவை போன்றவை அல்ல. ஓரங்களில் மரங்களும் பள்ளங்களும் வீடுகளும் இருந்தன. ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இருக்கை வார்கூட அணியவில்லை. கிளார்க் முதன்முறையாக ஓட்டிய பெல்ஜியம் பந்தயத்திலேயே இரு ஓட்டுநர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் அவருடைய குழுத்தோழர். மறு ஆண்டு இத்தாலியின் மொன்சா தடத்தில், கிளார்க்கின் காரும் ஜெர்மானிய வீரர் வொல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸின் காரும் உரசிக்கொண்டன. ஃபான் டிரிப்ஸின் கார் கரைமேல் ஏறிப் பார்வையாளர்களிடையே பாய்ந்தது. அவரும் பார்வையாளர்கள் பலரும் மாண்டனர். கிளார்க்குக்குக் காயமில்லை. அப்போது அவருக்கு வயது 25. இத்தாலிய அதிகாரிகளின் விசாரணை நெடுங்காலம் அவரைப் பின்தொடர்ந்தது.

பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தை அவர் வாழ்நாள் முழுதும் வெறுத்தார். வியப்பு என்னவென்றால், அதே தடத்தில் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார். 1963இல் கொட்டும் மழையில் ஓடிய பந்தயத்தில், இரண்டாவதாக வந்தவர் அவருக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் பின்தங்கியிருந்தார். அவ்வாண்டு நடந்த பத்து உலகப் போட்டிகளில் ஏழில் வென்று, 27 வயதில் உலக வெற்றியாளரானார். அதுவரை அத்தனை இளம் வயதில் எவரும் அப்பட்டத்தைப் பெற்றதில்லை.

1964ஆம் ஆண்டு அவர் ஓட்டிய இன்னொரு காரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அது ஃபோர்டு நிறுவனத்தின் கார்ட்டினா. பிரிட்டனில் பல குடும்பங்கள் வாங்கி ஓட்டிய எளிய கார். அதில் லோட்டஸ் நிறுவனம் ஆற்றல்மிக்க இயந்திரம் ஒன்றைப் பொருத்தியது. வெண்ணிறக் காரின் பக்கவாட்டில் பச்சைக் கோடு. அதற்கு லோட்டஸ் கார்ட்டினா என்று பெயர். கார் வளைவில் விரைந்து திரும்பும்போது அதன் எடை வெளிப்பக்கச் சக்கரங்கள்மீது சாய்கிறது. உட்பக்கச் சக்கரங்கள்மீது அழுத்தம் குறைகிறது. முன்பகுதி விறைப்பாக அமைக்கப்பட்டிருந்ததால், லோட்டஸ் கார்ட்டினாவின் உட்பக்க முன்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடும். கிளார்க் வளைவுக்கு வளைவு மூன்று சக்கரங்களில் திரும்பினார்! தடத்தோரம் நின்றவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் போன்ற ஒன்று அப்படி ஓடுவதைக் கண்டு ஆர்ப்பரித்தனர். அன்று எடுக்கப்பட்ட நிழற்படங்கள் இன்றும் கார் பிரியர்களிடையே வலம் வருகின்றன.

படத்தில் பார்ப்பதற்கு அது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். உண்மையில் அவர் ஓட்டும் முறை மிகவும் மென்மையானது. மற்றவர்கள் வளைவை நெருங்கிக் கடைசி நொடியில் தடையை ஓங்கி மிதிப்பார்கள். கிளார்க் சற்று முன்னதாகவே மிதித்து, வளைவுக்குள் நுழையும்போது காலைச் சிறிது சிறிதாக விடுவிப்பார். சுழல்வட்டை வெடுக்கெனத் திருப்ப மாட்டார். அதனால் கார் தன் சமநிலையை இழப்பதில்லை. பந்தயம் முடிந்தபின் அவருடைய காரைச் சோதித்த இயந்திரப் பணியாளர்கள், டயரும் தடைக் கட்டைகளும் மற்ற ஓட்டுநர்களின் கார்களைவிடக் குறைவாகத் தேய்ந்திருப்பதைக் கண்டனர். எளிதில் உடையும் லோட்டஸ் கார்களை இறுதிக்கோடுவரை கொண்டு சேர்க்க அந்த மென்மையே உதவியது.

எப்போதும் உதவியது என்று சொல்வதற்கில்லை. 1964இன் கடைசி உலகப் போட்டி மெக்சிகோவில் நடந்தது. முன்னணியில் சென்றுகொண்டிருந்த கிளார்க்கின் காரில், பந்தயம் முடியும் தறுவாயில் எண்ணெய் ஒழுகியது. உலகப் பட்டம் கைநழுவியது. 1962இலும் கடைசிப் போட்டியில் இவ்வாறே எண்ணெய் ஒழுகி அவர் பட்டத்தை இழந்திருந்தார். எனினும், அவ்வாண்டுக்கான பிரிட்டிஷ் சலூன் கார் வெற்றியாளர் பட்டம் கார்ட்டினாவின் துணையால் அவருக்குக் கிட்டியது.

1965 அவருடைய பொன்னான ஆண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் பங்குபெற, மொனாக்கோவில் நடந்த உலகப் போட்டியையே அவர் விட்டுக்கொடுத்தார். இண்டியானாபொலிஸில் 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் முன்னணியில் ஓடி வென்றார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்கர் அல்லாத ஒருவர் அங்கு வென்றது அதுவே முதன்முறை. இயந்திரம் பின்புறம் அமைந்த கார் ஒன்று அங்கு வென்றதும் அதுவே முதன்முறை. அவ்வாண்டு உலகப் பட்டமும் அவருக்கே கிடைத்தது. ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் வென்ற வேறொருவர் இன்றுவரை இல்லை.

தடத்துக்கு வெளியே கிளார்க் கூச்ச சுபாவம் உடையவர். எப்போதும் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். எந்த உணவகத்துக்குச் செல்வது என்பதைக்கூட எளிதில் முடிவெடுக்க மாட்டார். பந்தயம் முடிந்ததும் பண்ணைக்குத் திரும்பி ஆடுகளைக் கவனிப்பதே அவருக்கு நிம்மதி. ஆனால், வருமானம் பெருகியபோது வரிச் சுமையும் பெருகியது. கடைசி ஆண்டுகளில் அவர் பிரிட்டனுக்கு வெளியே வாழ நேர்ந்தது. எந்தப் பண்ணைக்காகப் பெற்றோர் அவரைப் பந்தயத்திலிருந்து தடுத்தார்களோ, அதே பண்ணையில் சில நாள்கள் தங்குவதுகூட அவருக்கு அரிதாகிவிட்டது.

1968ஆம் ஆண்டின் முதல் நாள், தென்னாப்பிரிக்காவில் அவர் தம் 25ஆவது உலகப் போட்டியை வென்றார். அர்ஜெண்டினா வீரர் ஃபாங்கியோவின் 24 வெற்றிகள் என்ற சாதனை முறியடிக்கப்பட்டது. அப்போது கிளார்க் ஓடியிருந்த உலகப் போட்டிகள் 72 மட்டுமே.

அதன்பின் மூன்று மாதங்களே கடந்தன. ஏப்ரல் 7ஆம் நாள், ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் ஃபார்முலா டூ பந்தயம் ஒன்று நடைபெற்றது. உலகப் பட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தடம் ஈரமாக இருந்தது. ஐந்தாவது சுற்றில், காட்டின் நடுவே செல்லும் பகுதியில் கிளார்க்கின் கார் திடீரெனத் தடம் விலகி மரங்களில் மோதியது. அங்கே தடுப்புவேலி எதுவும் இல்லை. 32 வயதில் அவருடைய வாழ்வு முடிந்தது. பின்சக்கர டயர் காற்றிழந்ததே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்ந்தோர் கருதினர்.

சக ஓட்டுநர்கள் கலங்கிப்போயினர். தவறே செய்யாத ஓட்டுநர் என்று அவர்கள் மதித்தவருக்கே இக்கதி என்றால், திறமை மட்டும் எவரையும் காப்பாற்றாது என்பது அவர்களுக்கு உறைத்தது. கிளார்க்கின் நண்பரும் ஸ்காட்லாந்து வீரருமான ஜாக்கி ஸ்டூவர்ட், தடங்களில் தடுப்புவேலியும் மருத்துவ வசதியும் வேண்டுமென்று விடாமல் போராடினார். அதனால் பலரின் பகைமையைத் தேடிக்கொண்டபோதும் அவர் பின்வாங்கவில்லை. ஹாக்கன்ஹைமிலும் பின்னர்த் தடுப்புகள் எழுந்தன. வேகத்தைக் குறைக்க அமைக்கப்பட்ட வளைவு ஒன்றுக்குக் கிளார்க்கின் பெயர் சூட்டப்பட்டது.

கிளார்க்கின் உடல், பண்ணைக்கு அருகிலுள்ள சர்ன்சைட் சிற்றூரின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அருகிலிருக்கும் டன்ஸ் நகரில் அவருடைய பெயரில் அருங்காட்சியகம் ஒன்று இயங்கி வருகிறது. அவர் வென்ற கோப்பைகளை அங்கே காணலாம். கல்லறைக் கல்லில் அவருடைய பெயருக்குக் கீழே விவசாயி என்று முதலில் பொறிக்கப்பட்டுள்ளது. பந்தயப் பட்டங்கள் அதன்பிறகே வருகின்றன.