எடிசன் திரும்ப வாங்கிய பேட்டரி
வாங்கின புதுசுல நாலு மணி நேரம் தாங்கின உங்க லேப்டாப், இப்போ சார்ஜரைக் கழட்டினா ஒரு மணி நேரம்கூட நிக்கலையா? எடிசனும் இதே தலைவலியில மாட்டினவர்தான். பல்பு கதையை விடுங்க, அது எல்லாருக்கும் தெரியும்.

1847-ல பிறந்தவர், ஐம்பது வயசுக்கு மேல மின்சாரக் காருக்காக நிக்கல்-இரும்பு பேட்டரியில இறங்கினார். 1903-ல விற்பனைக்கு வந்தது. சீக்கிரமே சில செல்கள் கசிந்தன, பலதுல கெப்பாசிட்டி இறங்கியது. மின்சாரம் கடத்த நிக்கல் ஹைட்ராக்சைடோட கிராஃபைட் கலந்திருந்தார். சார்ஜ் ஏறி இறங்க, கலவை உப்பிச் சுருங்கி, துகள்களுக்கு நடுவுல தொடர்பு விட்டுப்போச்சு. பொருள் உள்ளேயேதான் இருக்கு, ஆனா வேலைக்கு வராது. உங்க லித்தியம் பேட்டரியிலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்: ஆனோடு மேல வளர்ற படலம் லித்தியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தா இன்னும் வேகமா.

எனக்கு அவரைப் பிடிச்சது இங்கதான். உற்பத்தியை நிறுத்தினார், வித்ததைத் திரும்ப வாங்கினார். கிராஃபைட்டுக்குப் பதிலா மெல்லிய நிக்கல் செதில்கள் வெச்சு, 1909-ல மறுபடி வந்தார். இந்தத் தடவை பேட்டரி பல வருஷம் உழைச்சது.

ஆனா 1908-லயே ஃபோர்டோட மாடல் டி பெட்ரோல் கார் வந்தாச்சு. (ஃபோர்டு ஒரு காலத்துல எடிசன் கம்பெனி இன்ஜினியர்!) 1931-ல எடிசன் இறந்தப்போ, அவர் பேட்டரி சுரங்கத் தொழிலாளிகளோட தலைவிளக்குலயும் ரயில்வே சிக்னல்லயும் ஓடிக்கிட்டிருந்தது.