ஆய்வகங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த தோர்வால்ட் மாட்சென்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஏராளமான குழந்தைகளின் உயிரைப் பறித்தது டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான் நோய். அதற்குச் சீரம் என்ற மருந்து இருந்தது. அதன் வீரியத்தை அளக்க, ஜெர்மனியின் பவுல் எர்லிக் 1897இல் ஓர் அளவை வகுத்திருந்தார். முதல் உலகப்போர் மூண்டதும் பிராங்க்பர்ட்டிலிருந்து மாதிரிச் சீரம் வருவது தடைப்பட்டது. ஒவ்வொரு நாடும் தன் போக்கில் அளந்தால் மருந்தை எப்படி நம்புவது?

இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் தோர்வால்ட் மாட்சென். 1870இல் பிறந்த இவர், ராணுவ அதிகாரி ஒருவரின் மகன். மருத்துவம் படித்து, டிப்தீரியா நச்சை ஆராய்ந்தார். கோபன்ஹேகனில் உள்ள அரசு சீரம் நிறுவனத்தை 1940 வரை பல ஆண்டுகள் வழிநடத்தினார்.

போருக்குப் பின், சர்வதேச சங்கத்தின் சுகாதாரக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1921இல் பல நாட்டு ஆய்வாளர்கள் லண்டனில் கூடினர். மறு ஆண்டே டிப்தீரியா சீரத்துக்கு உலகப் பொது அளவு ஏற்கப்பட்டது. அந்த மூல மாதிரி மாட்செனின் நிறுவனத்திலேயே பாதுகாக்கப்பட்டது.

1923இல் கோபன்ஹேகனில் இன்னொரு முயற்சி நடந்தது. சிபிலிஸ் நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனைகளில் முடிவுகள் முரண்பட்டன. எனவே பல நாட்டு நிபுணர்கள் ஒரே ரத்த மாதிரிகளைத் தத்தம் முறையில் சோதித்து, முடிவுகளை ஒப்பிட்டனர். இன்றும் ஆய்வகங்களின் தரம் இந்த வழியிலேயே சோதிக்கப்படுகிறது.

மாட்சென் 1957இல் மறைந்தார். அவர் முன்னின்று வளர்த்த பணி உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்து தொடர்கிறது. தடுப்பூசியிலும் இன்சுலினிலும் நாம் காணும் 'யூனிட்' என்ற அளவுக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.