பார்பியின் தாய் செய்த இன்னொரு பொருள்

பார்பி பொம்மையை அறியாத வீடு உண்டா? அதை உலகுக்குக் கொடுத்தவர் ரூத் ஹேண்ட்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி. பொம்மைக்கு விதவிதமாகச் சட்டை தைத்து விற்றே பெரும் பணம் சேர்த்தவர். அவருக்கே ஒரு நாள், போட்ட உடை பொருந்தாத நிலை வந்தது!

பத்தாவது குழந்தை

ரூத் 1916-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி டென்வர் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். வீட்டில் பத்தாவது குழந்தை. தாயாருக்கு உடல்நலம் இல்லாததால் மூத்த அக்காள்தான் அவரை வளர்த்தாள்.

1938-ல் எலியட் என்பவரை மணந்தார். கணவர் பொருள் செய்வதில் கெட்டிக்காரர். மனைவி விற்பதில் கெட்டிக்காரி. 1945-ல் மாட்டல் கம்பெனி பிறந்தது.

மகள் பார்பரா, பெரிய பெண்களின் உருவம் கொண்ட காகிதப் பொம்மைகளை வைத்து விளையாடுவாள். அதைப் பார்த்த தாய்க்கு ஒரு யோசனை. ஜெர்மனியில் விற்ற ஒரு பொம்மையும் வழி காட்டியது. மார்பகம் உள்ள பொம்மையை எந்தத் தாய் வாங்குவாள் என்று கம்பெனி ஆண்கள் தயங்கினார்கள். ரூத் விடவில்லை. 1959-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி பார்பி வெளிவந்தது. விலை 3 டாலர். முதல் ஆண்டிலேயே சுமார் 3 லட்சம் பொம்மைகள் விற்றன.

ஆபரேஷன்

1970-ல் ரூத்துக்கு மார்பில் புற்றுநோய். டாக்டர்கள் இடது மார்பகத்தை அகற்றினார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் கண்ணாடி முன் நிற்கவே மனம் கூசியது. தான் ஒரு பெண்தானா என்ற எண்ணம் அரித்தது. அந்நாளில் அமெரிக்காவிலும் இந்த நோயை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வெளியே போனால் உடை ஒரு பக்கம் தொங்கும். கடையில் செயற்கை மார்பகம் கிடைக்காமல் இல்லை. கிடைத்தது எது? முட்டை வடிவில் ஓர் உருண்டை! இடது, வலது என்ற வித்தியாசமே அதில் இல்லை. வலது காலுக்குத் தைத்த செருப்பை இடது காலில் போட்டு நடக்க முடியுமா? இதைச் செய்த ஆண்கள் ஒரு நாளாவது இதை அணிந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று ரூத்துக்குக் கோபம் வந்தது.

புதிய தொழில்

அதற்குள் கம்பெனியில் கணக்கு விவகாரம் வெடித்தது. 1975-ல் தாம் வளர்த்த கம்பெனியை விட்டே வெளியேறினார். 1978-ல் வழக்கும் வந்தது. குற்றமற்றவள் என்று சொல்லிக்கொண்டே, எதிர்வாதம் செய்யாமல் தண்டனையை ஏற்றார். 57 ஆயிரம் டாலர் அபராதம். 2,500 மணி நேரம் சமூக சேவை. இதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அவமானத்தோடு வீட்டில் முடங்கவில்லை. பெய்டன் மாசி என்ற செயற்கை உறுப்பு நிபுணரோடு சேர்ந்து 1976-ல் புதிய கம்பெனி தொடங்கினார். பொருளின் பெயர் 'நியர்லி மீ'. 'ஏறக்குறைய நானே' என்று பொருள்.

உள்ளே திரவ சிலிக்கோன், மேலே மெல்லிய உறை, பின்புறம் நுரைத் தகடு. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. உள்பாடி அளவைச் சொன்னால் பொருத்தமானதை எடுக்கலாம். சாதாரண உள்பாடிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். கனமும் உண்டு. கனம் எதற்கு? ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் தோள் சாயும், முதுகும் கழுத்தும் வலிக்கும். அழகுக்கு மட்டும் செய்ததல்ல அது.

விற்க வந்த பெண்களில் பலர் அதே ஆபரேஷனுக்கு ஆளானவர்கள். ஊர் ஊராகப் பெரிய கடைகளுக்குப் போனார்கள். திரை மறைவில் ரூத்தே தம் கையால் பொருத்திவிடுவார். கூனிக் குறுகி உள்ளே போனவர்கள் நிமிர்ந்து வெளியே வந்தார்கள். 1974-ல் ஆபரேஷன் செய்துகொண்ட ஜனாதிபதி போர்டின் மனைவி பெட்டி போர்டுக்கும் அவரே பொருத்திவிட்டார்.

நிருபர்கள் வந்தால் எது அசல், எது போலி என்று தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்வாராம். துணிச்சல்காரிதான்!

1989-ல் மற்ற மார்பகத்தையும் எடுக்க நேர்ந்தது. இம்முறை கடை கடையாக அலைய வேண்டியிருக்கவில்லை. 1991-ல் கம்பெனியை விற்றார். 2002-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 85-வது வயதில் காலமானார்.