நாகம்மாள் கேட்ட பங்கு

அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் 1925-இல் வெளிவந்தது. விரிகுடாவின் மறுகரையில் ஒளிரும் பச்சை விளக்கை நோக்கிக் கை நீட்டுகிறான் அதன் நாயகன். காதல், பணம், அந்தஸ்து ஆகிய மூன்றும் அவனுக்கு அந்த விளக்கில் அடங்கியிருக்கின்றன. செல்வத்தைத் துரத்தும் மனிதனின் குறியீடாக அதை உலகெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

அதற்குப் 17 ஆண்டுகளுக்குப் பின் கொங்கு மண்ணிலிருந்து வந்த ஒரு நாவலிலும் சொத்து ஆசையே மையப்பொருள். ஆனால், இங்கே குறியீடு தொலைவில் மின்னும் விளக்கு அன்று. நாள்தோறும் மிதித்து நடக்கும் நிலம். அந்த நாவல் 'நாகம்மாள்'. எழுதியவர் ஆர்.சண்முகசுந்தரம்.

அவர் 1917-இல் தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரில் பிறந்தார். அன்று கோவை மாவட்டத்தில் இருந்த தாராபுரம், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. 'மணிக்கொடி' இதழில் சிறுகதை எழுதத் தொடங்கிய அவர், 1942-இல் 'நாகம்மாள்' வெளிவந்தபோது இருபத்தைந்து வயது இளைஞர். கொங்கு வேளாண் குடிகளின் பேச்சையும் வாழ்வையும் கூச்சமின்றி இலக்கியத்துக்குள் கொண்டுவந்த அந்நூல், தமிழின் முதல் வட்டார நாவல் என்று போற்றப்படுகிறது.

கதை எளியது. கணவனை இழந்த நாகம்மாள், தன் பெண் குழந்தையுடன் கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் வாழ்கிறாள். ஊரில் சிலர் தூண்டிவிட, நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். அந்தக் கேள்வி சின்னப்பனின் உயிரைக் குடித்து ஓய்கிறது. அவளை ஆசிரியர் உத்தமியாகவும் காட்டவில்லை, கொடியவளாகவும் காட்டவில்லை. அவள் பேராசைக்காரியா, உரிமை கேட்டவளா என்ற முடிவை வாசகருக்கே விட்டுவிடுகிறார்.

இக்கேள்விக்கு அன்றைய சட்டம் என்ன விடை வைத்திருந்தது? இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் வந்தது. கணவனின் சொத்தில் கைம்பெண்ணுக்கு அவள் ஆயுள் வரையிலான பங்கை அது அளித்தது. ஆனால், மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. நாவல் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. சென்னை மாகாணம் விவசாய நிலத்துக்கும் அவ்வுரிமையை விரிவாக்கியது 1947-இல்தான். நிலமே செல்வமாக இருந்த நாட்டில், நிலத்தைத் தவிர்த்துப் பிற சொத்தில் மட்டும் பங்கு தருவது உரிமையாகுமா? பொருளியல் பயிற்றுவித்த ஆண்டுகளில் இதை விளக்க எனக்கு 'நாகம்மாள்' அளவுக்குத் துணைபுரிந்த பாடநூல் வேறில்லை.

'பூவும் பிஞ்சும்', 'பனித்துளி' ஆகியவற்றுக்குப் பின் சண்முகசுந்தரத்தின் நாவல் பணியில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு இடைவெளி விழுந்தது. 1960-இல் 'அறுவடை'யுடன் மீண்டார். 'சட்டி சுட்டது' நாவலில் சொத்து தந்தையையும் பிள்ளைகளையும் பிரிக்கும் கதையைச் சொன்னார். 'தனிவழி'யில் பஞ்சாலைத் தொழிலாளர் வாழ்வுக்குள் நுழைந்தார். வங்க நாவல்கள் பலவற்றையும் மொழிபெயர்த்தார். 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழர் படித்தது அவர் வழியேதான். 1977-இல் மறைந்தார். அப்போது திருப்பூர் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் நெய்யும் ஊராகவே பெரிதும் அறியப்பட்டிருந்தது. ஏற்றுமதிப் பெருக்கத்தை அவர் காணவில்லை.

அந்தப் பெருக்கத்தை ஆராய்ந்த அறிஞர் சரத் சாரி, 2004-இல் வெளியிட்ட தம் நூலுக்குச் 'சகோதர மூலதனம்' என்ற பொருள்படத் தலைப்பிட்டார். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளியாகத் தொடங்கி, முதலாளியாக உயர்ந்தவர்களின் உழைப்பு மெச்சத்தக்கது. ஆயினும், அண்ணன், தம்பி, பங்காளி என்று விரியும் அந்தக் கூட்டில் சகோதரியின் இடம் எது என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

மகளுக்குச் சமபங்கு தரும் சட்டத்தைத் தமிழகம் 1989-இலேயே இயற்றியது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. எனினும், சீர் செய்தாயிற்று என்று காரணம் காட்டி, உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கையொப்பமிட மறுப்பவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடுகிறது. பின்னலாடை ஆலைகளில் இரவும் பகலும் தைக்கும் பெண்களின் கூலியில் வளர்ந்த வட்டாரத்திலும் இதுவே நிலை.

கேட்ஸ்பி தனக்கு எட்டாத ஒன்றுக்காக அழிந்தான். நாகம்மாள் கேட்டது தன் காலடியில் இருந்ததை. முன்னதை ஆசை என்றும் பின்னதைப் பேராசை என்றும் சொல்லும் மனப்போக்கு மாறாத வரை, கீரனூர்க்காரரின் நாவல் பழையதாகாது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குத் தங்கையை அழைத்துச் செல்லும் அண்ணன்மார் ஒவ்வொருவரும் அதற்கு முன் ஒருமுறை அதைப் படிக்க வேண்டும்.