இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் பெண் மக்கள்

கடைசி ஜும்ராவில் ஸஹீஹுல் புகாரி ஓதுகிற மாணவன் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்கும் பெயர் இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களுடையது. புகாரிக்கு அவர்கள் எழுதிய பத்ஹுல் பாரீ என்னும் விரிவுரை இல்லாத மதரஸா நூலகம் இருக்காது. காஹிராவின் தலைமைக் காஜியாக, விட்டு விட்டு மொத்தம் 21 ஆண்டுகள் போல் இருந்த பெரியார் அவர்கள். இவையெல்லாம் நாம் அறிந்தவையே. அதே இமாமவர்கள் ஒரு வீட்டில் பெண் குழந்தைகளின் வாப்பாவாக எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அவர்களுடைய மாணவர் இமாம் ஸகாவீ (ரஹ்) தம் உஸ்தாதின் வரலாற்றைத் தனிப் பெரும் நூலாக எழுதியபோது, அந்த வீட்டுச் செய்திகளையும் விடாமல் பதிந்து வைத்தார்கள். அதனால்தான் இவற்றைச் சொல்ல முடிகிறது.

இமாமவர்கள் ஹிஜ்ரி 773ஆம் ஆண்டு (கி.பி. 1372) ஷஃபான் மாதத்தில் பிறந்தார்கள். தாயார் முன்னரே காலமாக, நான்கு வயது நிறையும் முன்பே தந்தையும் வஃபாத்தாகி விட்டார்கள். யத்தீமாக நின்ற அந்தப் பிள்ளைக்கு ஆதரவாக இருந்தவர் மூன்று வயது மூத்த அக்கா. 770ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பயணத்தின் வழியில் பிறந்ததால் அந்த அம்மையாருக்குப் பயணக் கூட்டத்தின் சீமாட்டி என்று பொருள்படும்படி ஸித்துர் ரக்ப் என்றே பெயர். எழுதப் படிக்கத் தெரிந்தவர், பல நூல்களை வாசித்தவர். தாய்க்குப் பின் தமக்குத் தாய் அவரே என்று இமாமவர்கள் நன்றியோடு பதிந்திருக்கிறார்கள். ஓதிய ஒரு பெண்ணின் நிழலில் வளர்ந்த சிறுவன்தான் பிற்காலத்தில் தம் பெண் மக்களை ஓத வைத்த தந்தை. இவ்விரண்டையும் நான் தனித்தனிச் செய்திகளாகப் பார்ப்பதில்லை.

அக்கா 798ஆம் ஆண்டு மறைந்தார். அதே ஆண்டு ஷஃபானில் இமாமவர்களுக்கு நிக்காஹ் நடந்தது. மணப்பெண் உன்ஸ் அம்மையார். படை அலுவலகத்தின் தலைவராயிருந்த கரீமுத்தீன் என்பவரின் மகள். பாபுல் கன்தராவின் உட்புறத்தில், மனைவியின் முன்னோர் பெயரால் விளங்கிய மன்கூதமுரிய்யா மதரஸாவை ஒட்டி வீடு. அந்த வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பெண் மக்கள் பிறந்தார்கள். 802இல் ஜைன் காத்தூன், 804இல் ஃபர்ஹா, 807இல் ஆலியா, 811இல் ராபிஆ, 817இல் ஃபாத்திமா. (மூன்றாமவரின் பெயரைச் சில கிதாபுகளில் ஐன் எழுத்திலும், சிலவற்றில் புள்ளி வைத்து கைன் எழுத்திலும் காண்கிறோம். ஒரு புள்ளியின் வித்தியாசம்தான்.)

உன்ஸ் அம்மையாருக்கு ஆண் குழந்தை பிறக்கவில்லை. இமாமவர்கள் ஆண் மகவை விரும்பினார்கள் என்பதை ஸகாவீ அவர்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. காஸ் துர்க் என்ற அடிமைப் பெண்ணின் மூலம் 815ஆம் ஆண்டு பத்ருத்தீன் முஹம்மத் என்ற மகன் பிறந்தார். அதனால் வீட்டில் மனவருத்தமும் உண்டானது. ஆனால் மகன் வேண்டும் என்று எண்ணிய அந்த மனம், மகள்களை ஏனோதானோவென்று விட்டுவிடவில்லை. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

அக்காலத்து ஹதீஸ் மஜ்லிஸ்களின் வழக்கத்தைச் சற்றுச் சொன்னால்தான் இது விளங்கும். முதிய முஹத்திஸ் ஒருவர் ஹதீஸ்களை ஓதும்போது, அல்லது அவர் முன் ஓதப்படும்போது, சபையில் இருந்தவர்களின் பெயர்களை எழுத்தர் ஒருவர் குறித்து வைப்பார். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் ஆஜராகியிருந்தது என்று பதிவார்; வயது வந்த குழந்தையானால் கேட்டது என்று பதிவார். தொலைவூர் ஆலிம்களிடம் கடிதம் எழுதி இஜாஸா என்னும் அனுமதியும் பெறுவார்கள். குழந்தைக்கு அப்போது ஒன்றும் புரியாது, உண்மைதான். ஆனால் அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து, அந்த உஸ்தாதிடம் நேரில் இருந்தவர் உலகில் அந்த ஒருவர் மட்டுமே மிஞ்சியிருப்பார். அப்போது ஊர் ஊராக மாணவர்கள் அவரைத் தேடி வருவார்கள். பிள்ளைக்குத் தந்தை சேர்த்து வைக்கும் சொத்து அது. திருடன் தொட முடியாத சொத்து.

இமாமவர்கள் இந்தச் சொத்தை யாருக்குச் சேர்த்தார்கள்? மூத்த மகள் ஜைன் காத்தூன் பிறந்த ஆண்டிலேயே பல ஆலிம்களிடம் இஜாஸா கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். தம் பெரும் உஸ்தாதுகளான ஹாபிழ் இராகீ, ஹாபிழ் ஹைஸமீ (ரஹ்) ஆகியோரின் மஜ்லிஸுக்கு அந்தக் குழந்தையையும் கொண்டு சென்றார்கள். இராகீ அவர்கள் 806இல் வஃபாத்தானார்கள். அப்போது குழந்தைக்கு வயது நான்கு. ஹைஸமீ அவர்கள் அடுத்த ஆண்டு. ஆகவே நாலு வயதுக்குள் இருந்த ஒரு பெண் குழந்தை, அக்காலத்தின் தலைசிறந்த ஹாபிழ்களின் முன் தன் வாப்பாவோடு உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை அழும், பசி என்னும், எழுந்து ஓடும். முப்பதைத் தாண்டிய ஒரு பேரறிஞர் அதையெல்லாம் பொறுத்துக் கொண்டு, எழுத்தர் தம் மகளின் பெயரைக் குறித்துக் கொண்டாரா என்று பார்த்திருப்பார்.

நான்காவது மகள் ராபிஆவுக்கு இது இன்னும் தொலைவில் கிடைத்தது. 815ஆம் ஆண்டு இமாமவர்கள் உன்ஸ் அம்மையாருடன் ஹஜ்ஜுக்குப் போனபோது அந்த நான்கு வயதுக் குழந்தையையும் உடன் அழைத்துச் சென்றார்கள். காஹிராவிலிருந்து மக்காவுக்குப் போக மட்டும் ஒட்டகக் கூட்டத்தோடு ஒரு மாதத்துக்கு மேலாகும். தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த வழி. சிறு குழந்தையை உறவினரிடம் விட்டுச் செல்ல ஆயிரம் காரணம் சொல்லலாம். மக்காவிலே முதியவரான ஜைனுத்தீன் மராகீ (ரஹ்) அவர்களிடம் ராபிஆவை ஹதீஸ் கேட்க வைத்தார்கள். மராகீ அவர்கள் மறுவருடமே மறைந்தார்கள். ஓராண்டு தள்ளிப் போட்டிருந்தால் அந்த ஸனது அந்தப் பெண்ணுக்கு இல்லை.

மனைவியையும் அவர்கள் விட்டுவிடவில்லை. உன்ஸ் அம்மையாருக்கும் இராகீ அவர்களிடம் ஹதீஸ் கேட்கும் வாய்ப்பைத் தந்து, இஜாஸாக்களும் பெற்றுக் கொடுத்தார்கள். அம்மையார் பிற்காலத்தில் ஹதீஸ் சொல்லிக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். ஸகாவீ அவர்களே அம்மையாருக்காக நாற்பது உஸ்தாதுகளிடமிருந்து வந்த நாற்பது ஹதீஸ்களைத் திரட்டி, கணவர் அமர்ந்திருக்க அவர் முன்னிலையிலேயே அம்மையாரிடம் ஓதிக் காட்டினார்கள்.

817ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. இமாமவர்கள் பத்ஹுல் பாரீயைத் தொடங்கினார்கள். கடைக்குட்டி ஃபாத்திமா பிறந்தாள். இரண்டு ஆண்டுதான். 819இல் (கி.பி. 1416) காஹிராவில் தாஊன் பரவியது. தாஊன் என்பது நாம் பிளேக் என்று சொல்லும் கொள்ளைநோய். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி தோன்றிச் சில நாளில் உயிரைக் கொண்டு போகும். அதற்குரிய கிருமி 1894இல்தான் ஹாங்காங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தாஊனில் பன்னிரண்டு வயது ஆலியாவும் இரண்டு வயது ஃபாத்திமாவும் போய்விட்டார்கள்.

இமாமவர்கள் அந்த ஆண்டே ஒரு நூலை எழுதத் தொடங்கினார்கள். பத்லுல் மாஊன் என்ற அந்த நூல் ஐந்து பாகங்கள் கொண்டது. தாஊன் என்றால் என்ன, அது பற்றி வந்த ஹதீஸ்கள் எவை, அதில் இறந்த முஃமின் ஷஹீதா, நோய் பரவிய ஊரைவிட்டு வெளியேறலாமா, அந்த ஊருக்குள் நுழையலாமா, நோய் வந்தவரைப் பார்க்கப் போவது எப்படி, இழந்தவர் எப்படிப் பொறுப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து ஸனதுகளை உரசிப் பார்க்கிறார்கள். இரண்டு பிள்ளைகளைக் கபுரில் வைத்த தந்தை, ஆறுதலுக்காகக்கூட ஆதாரமில்லாத ரிவாயத்தை ஏற்கவில்லை.

அந்த நூல் உடனே முடியவில்லை. இடையில் மேலும் இழப்புகள் வந்தன. ஃபர்ஹா கணவரோடு ஹஜ்ஜுக்குப் போய் நோயோடு திரும்பி 828இல் மறைந்தார், வயது 24. ராபிஆ 832இல் மறைந்தார், வயது 21. அடுத்த ஆண்டே, 833இல் (கி.பி. 1430), முந்தியதைவிடக் கடுமையான தாஊன் வந்தது. அதன் கணக்கையும் இமாமவர்கள் எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்தில் காஹிராவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவான மரணம். மூன்று நாள் நோன்பு வைக்கும்படி பறைசாற்றி, மக்கள் எல்லாரும் பாலைவெளிக்குச் சென்று கூட்டமாக துஆச் செய்து திரும்பினார்கள். அந்த மாதம் முடியுமுன் நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தனித்தனியே துஆக் கேட்பதை இமாமவர்கள் தடுக்கவில்லை. மழைத் தொழுகையைப் போல் ஊரைத் திரட்டி வெளியே செல்வதற்கு ஸலஃபுகளிடம் ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். நோய்க் காலத்தில் கூட்டம் கூட்டுவது பற்றி இன்றும் வாக்குவாதம் செய்வோர் அந்தப் பக்கங்களை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

அந்தத் தாஊனில் மூத்தவர் ஜைன் காத்தூன் போனார். இராகீ அவர்களின் மஜ்லிஸில் உட்கார்ந்த அதே குழந்தை. இப்போது வயது 31, வயிற்றில் பிள்ளை. அந்த ஆண்டில்தான் நூல் முடிந்தது. பின்னர் வேறொரு மனைவியிடம் பிறந்த ஆமினா என்ற மகளும் சிசுவாகவே இறந்தது.

பெண் மக்களைக் கொண்டு சோதிக்கப்பட்டு, அவர்களிடம் நல்ல முறையில் நடந்தவருக்கு அவர்கள் நரகத்திலிருந்து திரையாவார்கள் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் எல்லாரும் பயானில் கேட்டிருக்கிறோம். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் ஓர் ஏழைத் தாய் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து, கிடைத்த ஒரே பேரீச்சம்பழத்தைத் தான் தின்னாமல் இரண்டாகப் பிட்டுக் கொடுத்த சம்பவத்தில் வருவது அது. பத்ஹுல் பாரீயின் பிற்பகுதியில், கிதாபுல் அதபில், இமாமவர்கள் இதற்கு விளக்கம் எழுதுகிறார்கள். சோதனை என்பது பெண்ணாகப் பிறந்ததையா, அவர்களால் வரும் சிரமத்தையா என்று ஆராய்கிறார்கள். நல்ல முறை என்பதற்கு மற்ற ரிவாயத்துகளிலிருந்து உணவு, உடை, ஒழுக்கம் கற்பித்தல், மணமுடித்து வைத்தல், இரக்கம், பொறுமை எல்லாவற்றையும் திரட்டித் தருகிறார்கள். ஒரே ஒரு மகளை வளர்த்தவருக்கும் இது உண்டு என்பதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். பிறகு தம் கருத்தாக ஒன்று சொல்கிறார்கள்: நிக்காஹ் மூலமோ வேறு வழியிலோ அந்தப் பெண் தந்தையின் தேவையற்றவளாக ஆகும்வரை அந்த நன்மையைத் தொடர்ந்தால்தான் இந்தக் கூலி. பாதியில் சலித்துக் கொள்பவருக்கு இல்லை என்பது நமக்கு விளங்குகிறது. வீட்டில் குமர் நிற்கிறது என்று அந்தப் பிள்ளையின் காதுபடவே பெருமூச்சு விடுபவர்களும், கைக்கூலிக் கணக்குப் போட்டு மகள் பிறந்த நாளையே நொந்து கொள்பவர்களும் இந்த இடத்தை நிதானமாக ஓத வேண்டும். எழுதியவர் பெண் மக்களைப் பெற்று, ஓத வைத்து, மணமுடித்துக் கொடுத்து, கபுரிலும் வைத்தவர்.

பத்ஹுல் பாரீ 842ஆம் ஆண்டு ரஜபில் முடிந்தது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு. ஷஃபானில் காஹிராவுக்கு வெளியே பெரும் விருந்து நடந்தது. 500 தீனார் போல் செலவு. ஆலிம்களும் காஜிகளும் பிரமுகர்களும் திரண்டார்கள். அந்த நூல் தொடங்கியபோது வீட்டில் இருந்த ஐந்து பெண் மக்களில் ஒருவரும் அன்று இல்லை.

ஜைன் காத்தூனின் பிள்ளைகளில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். 828இல் பிறந்த யூசுஃப். தாய் இறந்தபோது வயது ஐந்து. பாட்டனார் பாட்டியார் வீட்டில் வளர்ந்தார். இமாமவர்கள் 852 துல்ஹஜ்ஜில் வஃபாத்தானார்கள். உன்ஸ் அம்மையார் 867வரை இருந்தார்கள். யூசுஃப் ஹதீஸ் கலையில் நூல்கள் எழுதி 899இல் காலமானார். அவருடைய தந்தை ஷாஹீன் ஓர் அமீர். ஆனால் கிதாபுகளில் அவரை ஷாஹீனின் மகன் என்று தேடுவோர் சிலரே. மகள் வயிற்றுப் பேரனை அரபியில் ஸிப்து என்பார்கள். ஸிப்து இப்னு ஹஜர் என்றே அவர் அறியப்படுகிறார்.