தனிவழிச் சென்ற பாகியன்

பிறநாட்டுக்குத் தனியே செல்வோனுக்கு முதற்கண் வேண்டுவது யாது? பொருள் என்பர் சிலர். மொழியறிவு என்பர் வேறு சிலர். இவையெல்லாம் இருந்தும், பொழுது சாயும் வேளையில் ஒரு கதவு திறவாதாயின் வழிப்போக்கன் படும் துன்பத்திற்கு அளவில்லை. இந்நாளில் மாணவரும் இளைஞரும் தனியராய்க் கடல்கடந்து, ஊர்தோறும் விடுதிகளில் தங்கி உலகத்தைக் கண்டு மீள்கின்றனர். ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன், அறுபதாண்டை எட்டிய முதுமையில், இவ்வாறே அயலார் தந்த அறைகளில் தங்கித் தங்கிச் சீனத்திலிருந்து ஈழம் வரை வந்து மீண்டவர் பாகியன் என்னும் பௌத்த துறவி. அவர் வரலாறு கற்போர் நெஞ்சை உருக்க வல்லது.

சீன தேசத்தின் வடபாலுள்ள சான்சிப் பகுதியிலே பாகியன் பிறந்தார். அவருக்கு மூத்த மூவரும் இளமையிலேயே இறந்தமையால், இம்மகவேனும் பிழைக்கட்டும் என்று கருதிய தந்தை, மூன்று வயதிலேயே அவரைத் துறவியர் சங்கத்துக்கு ஒப்புவித்தார். ஆயினும் பிள்ளையைப் பிரிய மனமின்றி வீட்டிலேயே வைத்திருந்தார். பின்னர்க் கடும் பிணியுற்ற பிள்ளையை மடத்துக்கு அனுப்ப, அங்கே நலம்பெற்ற சிறுவர் வீடு திரும்ப மறுத்துவிட்டார். பத்து வயதில் தந்தையை இழந்தபோது, தாய்க்குத் துணையாக வரும்படி சிறிய தந்தையார் அழைத்தும் அவர் இசைந்திலர். அன்று விட்ட இல்வாழ்வை அவர் மீண்டும் நாடவில்லை.

துறவியர் ஒழுக வேண்டிய விதிகளைக் கூறுவது விநயபிடகம். அக்காலத்துச் சீனத்தில் அந்நூல் குறைபட்டும் சிதைந்தும் கிடந்தது. ஒழுக்கநூல் இன்றித் துறவு நிலைபெறாது என்று வருந்திய பாகியன், அதனை முழுமையாகப் பெற்று வருவேன் என்று உறுதிகொண்டு, கி.பி. 399ஆம் ஆண்டில் துறவியர் நால்வருடன் சாங்கான் நகரினின்றும் புறப்பட்டார். வழியில் வேறு ஐவரும் சேர்ந்துகொண்டனர். வானத்துப் பறவையும் நிலத்து விலங்கும் காணப்படாத பாலைவனத்தில், முன்சென்று மாண்டவர்களின் எலும்புகளே அவர்களுக்கு வழிகாட்டும் குறிகளாயின.

இவ்வழியில் அவர்கள் தங்கிய இடங்கள் பலவகைப்பட்டன. ஓரிடத்தில் அயலாரை மதியாத மக்களிடையே உணவுக்கும் இடர்ப்பட்டு, துணைவருள் மூவர் வழிப்பொருள் தேடி வேறு நாட்டை நோக்கித் திரும்பினர். கோத்தான் நாட்டிலோ அரசனே அவர்களை மூவாயிரம் துறவியர் வாழ்ந்த கோமதி விகாரையில் இருத்தினான். அங்கே உணவு மண்டபத்தில் பேச்சொலி எழாது; பாத்திரத்தின் ஓசையும் கேளாது; இன்னும் வேண்டுவோர் கைக்குறியாலே கேட்பர். அந்நாட்டிலே நாற்றிசையினின்றும் வரும் துறவியர்க்கெனத் தனி அறைகள் அமைந்திருந்தன. சிந்து நதிக்கு அப்பாலுள்ள உத்தியான நாட்டில் வழக்கம் வேறு. வந்தவரை மூன்று நாள் பேணுவர்; அதன்மேல் தமக்குரிய இடத்தைத் தாமே தேடிக்கொள்ளச் சொல்வர். மத்திய இந்தியாவில், விகாரையோர் எதிர்சென்று, வந்தவரின் ஆடையையும் பாத்திரத்தையும் தாமே சுமந்து வருவர். கால் கழுவ நீரும், பூச எண்ணெயும், அருந்தப் பானமும் தருவர். இளைப்பாறிய பின்னரே, துறவு பூண்டு எத்தனை ஆண்டாயிற்று என வினவி, அம்முறைப்படி அறையும் படுக்கையும் அளிப்பர்.

இங்கே ஒன்று சிந்திக்கற்பாலது. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்தார்க்குரிய கடனாக வைத்தார். இல்லத்தைத் துறந்தோரும் விருந்தினரைப் பேணத் தவறாதபடி அதனை விதியாக்கியது விநயம். எனவே, பாகியன் எந்நூலைத் தேடிச் சென்றாரோ அந்நூலே அவருக்கு இரவுதோறும் கதவு திறந்தது எனலாம். ஏட்டில் அதனைக் காணுமுன்னரே, கால் கழுவத் தந்த நீரில் அவர் அதனைக் கண்டுவிட்டார்.

கதவுகள் திறந்தபோதும் துணைவர் குறைந்துகொண்டே வந்தனர். சிலர் வழியிற் பிரிந்தனர். புருசபுரம் எனப்படும் பெசாவரில் ஒருவர் உயிர்நீத்தார். வேறு சிலர் அங்கிருந்தே சீனம் திரும்பினர். பனிமலையைக் கடக்கையில் கடுங்குளிர் தாங்காது மற்றொருவர் பாகியன் கண்முன்னே மாண்டார். எஞ்சியவர் தாவோசெங் ஒருவரே. வடநாடுகளில் விநயம் வாய்மொழியாகவே ஓதப்பட்டமையால் படியெடுக்க ஏடு கிடைக்கவில்லை. பாடலிபுத்திரத்திலேதான் அது கிடைத்தது. அங்கே மூன்றாண்டுகள் தங்கி, முதுமையிலும் வடமொழியைக் கற்று, பாகியன் தம் கையாலேயே அதனை எழுதிக்கொண்டார். அந்நகரத்துத் துறவியரின் ஒழுக்கச் சிறப்பிலே மனம் தோய்ந்த தாவோசெங் இனித் தாயகம் திரும்புவதில்லை என்று முடிவு செய்தார். விரும்பிய ஒழுக்கம் இங்கே கண்முன் விளங்கும்போது வேறெங்கே செல்வது என்பது அவர் எண்ணம். அதனை இல்லாதார்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும் என்பது பாகியன் எண்ணம். எனவே அவர் தனியரானார்.

கங்கை முகத்துவாரத்தை அடுத்த தாமிரலிப்தித் துறைமுகத்தில் இரண்டாண்டுகள் ஏடெழுதிக் கழித்தபின், வணிகக் கப்பலேறிப் பதினான்கு நாளில் ஈழத்தை அடைந்தார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஐயாயிரம் துறவியரும், மகாவிகாரையில் மூவாயிரவரும் வாழ்ந்தனர் என அவர் எழுதியுள்ளார். இத்தனை பெருங்கூட்டத்தின் நடுவிலே தம்மொழி பேசுவார் ஒருவருமின்றி அவர் இருந்தார்.

ஒருநாள் அபயகிரியில் பச்சை மணிக்கல்லால் ஆகிய புத்தர் படிமத்தின் முன் நின்றார். வணிகன் ஒருவன் வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்தான். அது சீனத்து விசிறி! பிறந்த மண்ணின் மரமும் மலையும் காணாத ஆண்டுகள் எத்தனை! உடன்வந்தோர் மாண்டும் பிரிந்தும் போக, தம் நிழலே தமக்குத் துணையாக நின்ற நிலைமை அப்பொழுது அவர் நெஞ்சில் தைத்தது. பாலையிலும் பனியிலும் கலங்காது நடந்தவர் அவ்விடத்திலே கண்ணீர் உகுத்தார். பற்றறுத்த துறவிக்கு இது தகுமா என்று வினவுவாரும் உளர். அந்த அழுகையைத் தம் நூலில் மறையாது எழுதிவைத்தமையே அவர் துறவின் நேர்மைக்குச் சான்று என்பது எமது கருத்து.

அழுதவர் அதன்பொருட்டுத் தம் பணியை விட்டாரல்லர். ஈழத்தில் இரண்டாண்டுகள் இருந்து, மகீசாசகர் என்னும் பிரிவினரின் விநயநூலையும் வேறு சில நூல்களையும் பெற்ற பின்னரே கப்பலேறினார். இருநூறு பேர் சென்ற அக்கப்பல் புயலில் அகப்பட்டு ஓட்டையாயிற்று. வணிகர் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியனும் தம் நீர்க்குடத்தையும் கழுவுபாத்திரத்தையும் எறிந்தார். ஏடுகளையும் எறிந்துவிடுவரோ என்றே அஞ்சினார். உயிர்தப்பி யாவாவை அடைந்து ஐந்து மாதம் தங்கி, வேறொரு கப்பலில் ஏறினார். அதுவும் புயலிற் சிக்கவே, இத்துறவியாலேதான் இக்கேடு என்று கூறிய சிலர் அவரை ஒரு தீவில் இறக்கிவிட எண்ணினர். அவரை ஆதரித்த ஒருவன் உறுதியாய் எதிர்த்து நின்றமையால் பிழைத்தார். கி.பி. 412இல் கப்பல் சீனக்கரையை அடைந்தது.

அதன்பின்னும் அவர் ஓய்ந்திலர். இன்று நாங்கிங் எனப்படும் தலைநகரிலே, புத்தபத்திரர் என்னும் இந்தியத் துறவியுடன் அமர்ந்து, பாடலிபுத்திரத்தில் எழுதிய விநயத்தைச் சீனத்தில் பெயர்த்தார். முப்பதுக்குச் சற்றுக் குறைந்த நாடுகளைக் கண்ட தம் யாத்திரையையும் நூலாக்கினார். எண்பது கடந்த முதுமையில், தாயகத்து விகாரை ஒன்றிலே உயிர் துறந்தார்.

ஈழத்தில் பெற்ற விநயநூல் அவர் வாழ்நாளில் மொழிபெயர்க்கப்படவில்லை. அவர் மறைந்தபின், 423, 424ஆம் ஆண்டுகளில் புத்தசீவர் என்பார் அதனைப் பெயர்த்தார். அதன் மூலம் காலவெள்ளத்தில் பெரும்பாலும் அழிந்தது. முழுநூல் சீனமொழியில் மாத்திரமே இன்று எஞ்சியுள்ளது. அபயகிரியின் அறைகளும் இடிந்து கல்லும் தூணுமாய்க் கிடக்கின்றன. அங்கே முன்பின் அறியாத முதியவர் ஒருவருக்கு இடமளித்தவர் எவரென்று நாம் அறியோம். அவர்தம் விருந்தோம்பலால் ஒரு நூல் பிழைத்தது.